கைபேசியே வாசித்துக் காட்டும்போது பிரெயில் எதற்கு?

எட்டாம் வகுப்பில் தமிழ் வழியில் படிக்கும் மகனுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரைக் குறைபாடு இருப்பதாகவும், பார்வை படிப்படியாகக் குறையும் என்று மருத்துவர் சொல்லியிருப்பதாகவும், இப்போதைக்குப் பெரிய எழுத்தில் படித்துவரும் அவன் பிரெயில் கற்க வேண்டுமா, கற்பதானால் எந்தக் கருவியை வாங்குவது என்றும் ஒரு தந்தை இங்கே கேட்டிருக்கிறார். "போனே எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுகிறது, இனி பிரெயில் எதற்கு" என்று பள்ளியில் ஓர் ஆசிரியர் சொன்னதையும் அவர் எழுதியிருக்கிறார். அவர் மனத்தை அரிப்பது அந்த ஆசிரியரின் சொல்தான் என்று நினைக்கிறேன். கருவியைப் பற்றிய கேள்வி அதற்குப் பின்னால் வருவது. காதால் கேட்டே பாடங்களை முடித்துவிடலாம் என்ற நிலை வந்தபின், எழுத்தை விரலால் தொட்டுப் படிப்பதனால் கூடுதலாகக் கிடைப்பது என்ன என்பதே உண்மையில் கேட்கப்பட்டிருக்கிறது. நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். பார்வையற்ற மாணவர்களுக்குத் தமிழும் கணினியும் கற்பித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. கண்நோய் எந்த வேகத்தில் போகும் என்பதை மருத்துவரிடமே கேட்க வேண்டும். அது ஆளுக்கு ஆள் மாறுவது. படிப்பைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

கற்க வேண்டும் என்பதே என் பதில். அதற்கு நான் முதலில் சொல்லும் காரணம் தமிழின் எழுத்துகளிலேயே இருக்கிறது. கைபேசியின் தமிழ்க் குரல் "அரை" என்பதையும் "அறை" என்பதையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஒலிக்கும். "மனம்", "மணம்" இரண்டையும் வேகமாகக் கேட்பவர் இடம் நோக்கியே பொருள் கொள்கிறார். "பல்லி", "பள்ளி" என்பவற்றை மெதுவாகக் கேட்டால் பிரித்தறியலாம். பலரும் வைத்துக் கேட்கும் வேகத்தில் அந்த வேறுபாடு கரைந்துவிடும். றன்னகரமும் (ன) தந்நகரமும் (ந) ஒலியால் பிரியவே பிரியா. கண்ணால் படிப்பவர் இவற்றை ஆயிரம் முறை பார்த்துப் பார்த்தே மனத்தில் ஏற்றிக்கொள்கிறார். யாரும் அவருக்குத் தனியே கற்பிப்பதில்லை. பத்து வயதிலிருந்து கேட்டு மட்டுமே படித்த மாணவர்கள் கல்லூரிக்குப் போகும் வயதில் "இருக்கிறது" என்பதை "இறுக்கிறது" என்று தட்டச்சு செய்வதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவர்கள் அறிவிலோ உழைப்பிலோ குறைந்தவர்கள் அல்லர்; அந்தச் சொல்லின் வடிவத்தை அவர்கள் ஒரு முறையும் சந்தித்ததில்லை, அவ்வளவுதான். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் எல்லாம் இதே கதை. காது பொருளைத் தரும், எழுத்தைத் தராது.

இதனால் கேட்டுப் படிப்பதை நான் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழகிய காது மிக வேகமாகக் கேட்கும். பிரெயிலில் நன்கு தேர்ந்தவர் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு நூறு சொற்களை ஒட்டிப் படிப்பார், சிலர் இருநூறு வரை போவார்கள். அதே ஆள் திரைவாசிப்பான் மென்பொருளை முந்நூறு சொற்களுக்கு மேல் ஓடவிட்டுக் கேட்பது வழக்கமானதுதான். நாளிதழையும் நீண்ட நாவலையும் நானும் கேட்டே முடிக்கிறேன். ஆனால் செய்யுள், கணக்கு, வேதியியல் சமன்பாடு, ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டல், வங்கிக் கணக்கு எண், மேடையில் பேசுவதற்கான குறிப்பு ஆகியவை விரலுக்கு உரியவை. பேசிக்கொண்டே குறிப்பைப் பார்க்க வேண்டிய இடத்தில் காதில் ஒரு குரலும் வாயில் ஒரு குரலுமாக நிற்பது எளிதன்று. தேர்வில் சொல்வதை எழுதுபவர் இருப்பார் என்று நீங்கள் நினைக்கலாம், இருப்பார். அப்போது விடைத்தாளில் உள்ள எழுத்துப்பிழையும் பிழையின்மையும் அவருடையதாகத்தான் இருக்கும். பள்ளி முடிந்து ஒரு விண்ணப்பத்தையோ மின்னஞ்சலையோ தானே எழுத வேண்டிய நாளில் அவர் உடன் வரமாட்டார்.

தமிழ்ப் பிரெயில் எவ்வளவு பெரிய பாரம் என்ற அச்சம் பெற்றோரிடம் இருப்பதால் அதன் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். லூயி பிரெயில் 1829-இல் வெளியிட்ட முறையில் ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. இவற்றால் அமையும் வடிவங்கள் 63. இந்தியாவில் பல்வேறு முறைகள் புழங்கிவந்த நிலையில், 1951-இல் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. ஒலி ஒத்தால் வடிவமும் ஒத்திருக்கும் என்பது அதன் அடிப்படை விதி. தமிழில் "க" என்பது ஆங்கிலத்தின் கே. "ம" என்பது எம். "ல" என்பது எல். ஆகவே தமிழ்ப் பிரெயில் தெரிந்த பிள்ளை ஆங்கில அகரவரிசையில் பெரும்பகுதியை ஏற்கெனவே கற்றுவிட்டான். உயிர்மெய்க்குத் தனி வடிவங்கள் இல்லை. மெய்யெழுத்துக்கு உரிய கட்டத்தை அடுத்து உயிரின் கட்டம் வரும். "கொ" என்று எழுத அச்சில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்கும். பிரெயிலில் "க", பிறகு "ஒ", இரண்டே கட்டங்கள், ஒலிக்கும் வரிசையிலேயே. 247 எழுத்துகளைக் கற்க வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். முப்பத்து சொச்சம் வடிவங்களே.

புள்ளி வைத்த மெய்யை எழுத, 4-ஆம் புள்ளி மட்டும் உள்ள ஒரு கட்டத்தை எழுத்துக்கு முன்னால் இட வேண்டும். "அம்மா" என்பது ஐந்து கட்டங்கள்: அ (1), மெய்ப்புள்ளி (4), ம (1, 3, 4), மீண்டும் ம, ஆ (3, 4, 5). தொடக்கநிலை மாணவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். அகரம் 1-ஆம் புள்ளி மட்டும். மெய்ப்புள்ளி 4-ஆம் புள்ளி மட்டும். இரண்டும் ஒற்றைப் புள்ளிகள். கட்டத்துக்குள் இடமா வலமா என்பதே வேறுபாடு, அதுவும் இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. விரல் பழகும்வரை இதைப் பிரித்தறிவது கடினம். இங்கே தமிழ் இலக்கணமே கைகொடுக்கிறது: சொல்லின் நடுவில் தனி அகரம் வராது, சொல்லின் முதலில் மெய் வராது. ஆகவே சொல்லின் தொடக்கத்தில் ஒற்றைப் புள்ளி தட்டுப்பட்டால் அகரம், இடையில் தட்டுப்பட்டால் மெய்ப்புள்ளி என்று கொள்ளலாம். "ஸ்கூல்", "ப்ளஸ்" போன்ற பிறமொழிச் சொற்களில் மட்டும் இந்த விதி சறுக்கும்.

இன்னொரு விந்தையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் கருவிகளைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும். ணகரத்துக்கு உரிய வடிவம் 3, 4, 5, 6. எண் வருகிறது என்பதைக் காட்டும் எண்குறியும் அதுவே. இகரத்தின் வடிவம் 2, 4. எண்குறியை அடுத்து வந்தால் அதுவே 9. எனவே "மணி" என்ற சொல்லில் மகரத்துக்குப் பின்னுள்ள இரண்டு கட்டங்களும் 9 என்ற எண்ணும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றே. ணகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் மனிதருக்குக் குழப்பம் நேர்வதில்லை. மென்பொருளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தின் கேயும் தமிழின் ககரமும் ஒரே வடிவமாக இருப்பதன் மறுபக்கமும் இப்படிப்பட்டதே: இரண்டு மொழியும் கலந்து வரும் வரியில் எந்தச் சொல் எந்த மொழி என்பதைப் படிப்பவர் தாமே உணர வேண்டும்.

கற்கும் முறைக்கு வருகிறேன். கருவியில் தொடங்க வேண்டாம், தாளில் தொடங்குங்கள். தாளில் வரி உண்டு, பத்தி உண்டு, பக்கம் உண்டு. இரு கைகளாலும் படிக்கப் பழகலாம், வலக்கை வரியை முடிக்கும்போதே இடக்கை அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் பிடிக்கலாம். ஒரே வரி கொண்ட கருவியில் இவற்றில் எதுவும் வராது. விரலை அழுத்தக் கூடாது. எழுத்தின் மேல் மேலும் கீழுமாகத் தேய்க்கவும் கூடாது. இடமிருந்து வலமாக மென்மையாக ஓடவிட வேண்டும். அழுத்தினால் நன்றாகத் தெரியும் என்று எல்லாப் பிள்ளைகளும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறாக, விரல்நுனி மரத்துப்போகும். பார்வை மீதமுள்ள பிள்ளைகளிடம் மற்றொரு பழக்கமும் உண்டு: புள்ளிகளின் நிழலைக் கண்ணால் பார்த்தே படித்துவிடுவார்கள். உங்கள் மகனும் செய்வான். வகுப்பில் நாங்கள் கைகளின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவது இதற்காகத்தான். பெரிய எழுத்துப் படிப்பை நிறுத்த வேண்டிய தேவை இல்லை. கண்ணால் படிக்க முடிகிற வரை அதுவும் தொடரட்டும். பார்வை முழுவதும் போனபின் தொடங்குவதைவிட, பாடத்தின் பாரம் கண்ணில் இருக்கும்போதே விரலைப் பழக்குவது பிள்ளைக்கு நெருக்கடி குறைந்த வழி.

எழுதுவதற்கு, தாளைப் பிடித்துக்கொள்ளும் கட்டங்கள் கொண்ட சட்டமான பிரெயில் சிலேட்டும் புள்ளி குத்தும் ஊசியும் போதும். சிலேட்டில் தாளின் பின்புறத்திலிருந்து குத்துவதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும், கட்டத்துக்குள்ளும் இடம் வலமாகும். லகரம் 1, 2, 3. ளகரம் 4, 5, 6. ஒன்று இடப்பத்தி முழுதும், மற்றது வலப்பத்தி முழுதும். தொடக்கத்தில் சிலேட்டில் எழுதும் பிள்ளைகள் "பல்லி"யையும் "பள்ளி"யையும் மாற்றி எழுதுவதற்கு இதுவே காரணம். இலக்கணம் தெரியாமல் செய்யும் பிழை அன்று, எனவே அதற்குத் திட்டக் கூடாது. 1951-இல் வந்த பெர்கின்ஸ் பிரெயிலர் என்னும் தட்டச்சுப்பொறியில் இந்தத் தொல்லை இல்லை. ஆறு விசைகளில் தேவையானவற்றை ஒருசேர அழுத்தினால் ஒரு கட்டம் நேராகவே விழும், எழுதியதை உடனே தொட்டுப் பார்க்கலாம். அது ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது, விலையும் கூடுதல். பள்ளியிலோ பயிற்சி மையத்திலோ இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்; வீட்டுக்கு வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை.

எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு உறுதியான விடை இல்லை. தினமும் படித்தால் எழுத்துகளை அடையாளம் காண்பது சில மாதங்களில் வந்துவிடுகிறது என்பதே என் அனுபவம். பாடநூலைச் சலிப்பில்லாமல் படிக்கும் வேகம் வர ஓரிரு ஆண்டுகள் பிடிக்கலாம், சிலருக்கு அது வராமலும் போகலாம். சிறு வயதில் தொடங்கியவர்கள் வேகமாகப் படிக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. எந்த வயதுக்குமேல் பயனில்லை என்று கோடு கிழிப்பவர்களின் பேச்சை நான் ஏற்பதில்லை. நாற்பது வயதில் கற்று, மசாலா டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டவும் தொலைபேசி எண்களைக் குறிக்கவும் மட்டுமே அதைப் பயன்படுத்துகிறவருக்கும் அது பயனுள்ளதே. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது சர்க்கரை நோயால் பார்வை போயிருந்தால் அவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்நோய் விரல்நுனி உணர்வையும் குறைக்கக்கூடும். அவர்களுக்கு இடைவெளி கூட்டிய பெரிய பிரெயில் உதவுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட கருவிகள். பிரெயில் டிஸ்ப்ளே என்பது கணினியிலோ கைபேசியிலோ உள்ள எழுத்தைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் ஒரு பட்டை. பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சிறு தண்டு. அதன் அடியில் மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் ஒரு பட்டை. வளையும்போது தண்டு மேலெழும். கட்டத்துக்கு எட்டுப் புள்ளிகள் இருக்கும். கீழே கூடுதலாக உள்ள இரண்டும் பெரும்பாலும் சுட்டி நிற்கும் இடத்தைக் காட்டப் பயன்படும். 40 கட்டம் என்றால் 320 தண்டுகளும் 320 பட்டைகளும். விலை ஏன் இலட்சத்தைத் தாண்டுகிறது என்பது இதிலிருந்தே புரியும். விலையைக் குறைக்க வேறு வழிகளைத் தேடியதன் விளைவாக வந்தவற்றுள் ஆர்பிட் ரீடர் 20 நம் நாட்டில் பரவலாகத் தெரிந்தது. 20 கட்டங்கள், நினைவட்டையில் நூல்களை ஏற்றிக்கொண்டு கணினி இல்லாமலேயே படிக்கலாம், குறிப்பும் எழுதலாம். புள்ளிகள் எழும்பும்போது ஓசை கேட்கும், வரி மாறுவதற்கும் சற்றுத் தாமதமாகும். அமைதியான வகுப்பில் பக்கத்துப் பிள்ளை திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஓசை உண்டு. தில்லி ஐஐடியின் முயற்சியில் உருவான டாட்புக் 2019-இல் வெளிவந்தது. பத்து வரிகளை ஒருசேரக் காட்டி வரைபடங்களையும் தொட்டுணர வைக்கும் மோனார்க் போன்ற கருவிகள் வெளிநாடுகளில் வந்துவிட்டன. அவற்றின் விலை ஒரு குடும்பம் எண்ணிப் பார்க்கும் அளவில் இல்லை.

20 கட்டமா, 40 கட்டமா என்று முடிவு செய்யும்போது தமிழுக்கு என்று ஒரு கணக்குப் போட வேண்டும். ஆங்கிலம் படிப்பவர்களின் பரிந்துரையை அப்படியே ஏற்கக் கூடாது. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்களையும் எழுத்துத் தொடர்களையும் சுருக்கி எழுதும் பிரெயில் வடிவம் பரவலாக இருப்பதால் 20 கட்டத்தில் நான்கைந்து சொற்கள் அடங்கிவிடும். தமிழ் நூல்கள் பெரும்பாலும் சுருக்கமின்றி முழுமையாகவே வருகின்றன; போதாததற்கு மெய்ப்புள்ளி தனிக் கட்டம் எடுத்துக்கொள்கிறது. "படித்துக்கொண்டிருக்கிறான்" என்பதை எண்ணிப் பாருங்கள்: 13 எழுத்துகள், 25 கட்டங்கள். அந்த ஒரு சொல்லே 20 கட்டக் கருவியில் அடங்காது. பாதி படித்துவிட்டு விசையை அழுத்தி மீதியை வரவழைக்க வேண்டும். இது தாங்க முடியாத குறை என்று சொல்லமாட்டேன், பலர் பழகிக்கொண்டார்கள். வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டியது என்பதால் சொல்கிறேன்.

காசு செலவழிக்காமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. விண்டோஸ் கணினியில் என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசம். அதன் பிரெயில் மாற்றத்தைச் செய்வது லிப்லூயி என்ற திறந்தநிலை மென்பொருள். எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளிகள் என்று சொல்லும் அட்டவணை அதில் தமிழுக்கும் உண்டு. அமைப்பில் வெளியீட்டு அட்டவணையைத் தமிழுக்கு மாற்றிவிட்டால், கணினியோடு இணைத்த டிஸ்ப்ளேயில் தமிழ் வரும். டிஸ்ப்ளே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: என்விடிஏவின் கருவிகள் (Tools) பட்டியலில் உள்ள பிரெயில் வியூவரைத் திறந்தால், அந்த நேரத்தில் எந்தப் புள்ளிகள் எழுந்திருக்கும் என்பது கணினித் திரையிலேயே படமாகத் தெரியும். இது பார்வையுள்ள உங்களுக்கானது. மகன் படிக்கும் பாடத்தை நீங்களும் கண்ணால் சரிபார்க்கலாம். ஒரு வாரத்தில் நீங்களே எழுத்துகளைக் கற்றுவிடுவீர்கள். வீட்டில் பிரெயில் தெரிந்த இன்னொருவர் இருப்பது பிள்ளைக்கு எந்தக் கருவியைவிடவும் உதவும். கைபேசியில் திரையையே ஆறு விசைகளாகக் கொண்டு எழுதும் வசதி ஐபோனில் 2014-இலும், ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கில் 2020-இலும் வந்தது. உங்களிடம் உள்ள பதிப்பில் தமிழ் இருக்கிறதா என்பதை அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள். கணினி விசைப்பலகையில் எஃப், டி, எஸ் விசைகளை 1, 2, 3 ஆகவும் ஜே, கே, எல் விசைகளை 4, 5, 6 ஆகவும் கொண்டு எழுதும் மென்பொருள்களும் இருக்கின்றன; மலிவான விசைப்பலகைகள் பல விசைகளை ஒரே நேரத்தில் ஏற்பதில்லை என்பதால், புள்ளி விடுபட்டால் பிள்ளையின் விரலைக் குறை சொல்லுமுன் வேறொரு பலகையில் சோதித்துப் பாருங்கள்.

எனினும் தமிழில் பிரெயிலுக்கு இன்று இருக்கும் பெருந்தடை கருவியும் அன்று, மென்பொருளும் அன்று. நமக்கு வந்து சேரும் கோப்பு. ஆசிரியர்கள் அனுப்பும் குறிப்புகளும் வினாத்தாள்களும் இன்னும் கணிசமாகப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்படுகின்றன. எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறியை (யூனிகோடு) தமிழக அரசு ஏற்றது 2010-இல். பழக்கம் அவ்வளவு விரைவாக மாறவில்லை. பாமினியில் அடித்த "அம்மா" கண்ணுக்கு அம்மாவாகவே தெரியும். கணினிக்குள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். குரலும் அதைத்தான் வாசிக்கும், விரலுக்கும் அதுதான் வரும். ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். படமாக வருடிய பக்கங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது இதைவிட நுட்பமான பிழைகள் நேர்கின்றன. "கௌரி" என்பதன் வலப்பக்கக் குறியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருப்பதால், "கெ" என்ற எழுத்தும் "ள" என்ற எழுத்துமாக அது பிரிந்து வரும். காலும் ரகரமும் இடம் மாறும். பார்வையுள்ளவர் இவற்றைக் கவனிக்காமலேயே சரியாகப் படித்துவிடுவார். விரலுக்கோ "கெளரி" என்பது க, எ, ள, ர, இ என்று முற்றிலும் வேறு சொல்லாக வந்து நிற்கும். தட்டச்சர்களே வேகத்தில் இப்படி அடிப்பதும் உண்டு.

இதற்கு நேர்மாறான குழப்பமும் ஒன்று இருக்கிறது. பிரெயில் நூல்கள் பிஆர்எஃப் என்ற வடிவில் கிடைக்கின்றன. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விசைப்பலகைக் குறி நிற்கும். அந்தக் கோப்பைக் கணினியில் சாதாரணமாகத் திறந்தால் "அம்மா" என்பது ஏ, அட் குறி, எம், எம், வலம் நோக்கிய கூர் அடைப்பு என்று தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பெற்றோர் அழித்துவிடுகிறார்கள். அது சரியான கோப்பு. டிஸ்ப்ளேயில் ஏற்றினால் தமிழாகவே வரும். ஒருங்குறித் தமிழ்க் கோப்பைக் கணினியில் திறந்தால் தமிழ் தெரியும், தனித்து இயங்கும் கருவியில் அதைப் படிக்க முதலில் பிரெயிலாக மாற்ற வேண்டியிருக்கலாம். பிஆர்எஃப் கோப்பு கணினியில் புரியாது, கருவியில் நேரே படிக்கலாம். பாமினிக் கோப்பு அந்த எழுத்துரு ஏற்றிய கணினியில் கண்ணுக்கு மட்டும் தமிழ், கருவியில் குப்பை.

நூல்களைப் பெறும் வழி முன்பைவிட எளிதாகியிருக்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் நூலை மாற்றிக்கொள்ளத் தனி அனுமதி பெற வேண்டியதில்லை. நாடுகளுக்கிடையே அத்தகைய நூல்களைப் பகிர வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் உருவாயிற்று. அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் உறுப்பினரானால் இந்திய மொழி நூல்களைத் தரவிறக்கிக்கொள்ளலாம்; பார்வைக் குறைபாட்டுச் சான்று கேட்பார்கள். சென்னையில் இருந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெயில் பிரிவுக்கு மகனை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். பார்வை மாற்றுத்திறனாளிகளுக்காக டேராடூனில் உள்ள தேசிய நிறுவனத்தின் தென்மண்டல மையம் பூந்தமல்லியில் இயங்குகிறது. பயிற்சி, சிலேட்டு, பாடநூல் பற்றிய விசாரணையை அங்கே தொடங்கலாம். கருவிகளுக்கு அரசு உதவி பெற உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். திட்டங்களும் வருமான வரம்பும் அவ்வப்போது மாறுவதால் அவர்கள் சொல்வதையே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் பாடத்தைப் பற்றி ஒரு சொல். நம் பள்ளிகளில், துளைகளில் சிறு கட்டைகளைப் பொருத்திக் கணக்குப் போடும் டெய்லர் சட்டமும் மணிகளை நகர்த்திக் கணக்குப் போடும் அபாகஸும் இன்னும் பயன்படுகின்றன; கணிதக் குறிகளுக்கு நெமெத் முறை இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குள் அதன் அடிப்படைகளைத் தொட்டுவிட்டால் மேல்வகுப்பில் அறிவியல் பிரிவைத் தேர்ந்தெடுப்பதா வேண்டாமா என்பதை அவன் தன் விருப்பப்படி முடிவு செய்யலாம். நல்ல கணக்கு ஆசிரியர் கிடைப்பதுதான் இங்கே அரிது.

ஆகவே முதல் ஆண்டில் டிஸ்ப்ளே எதுவும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. சிலேட்டு, ஊசி, தடித்த தாள், பிரெயில் அறிந்த ஓர் ஆசிரியர், கணினியில் என்விடிஏ; இவை போதும். தாளில் ஒரு பக்கத்தைத் தயக்கமின்றி அவன் படிக்கத் தொடங்கியபின், 20 கட்டக் கருவியை எங்காவது இரவல் பெற்று அவனுக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். வாங்கப் போகும்போது ஒரு சிறு தமிழ்க் கோப்பை எடுத்துச் செல்ல வேண்டும். அதில் "மணி", "9 மணி", "கௌரி", "படித்துக்கொண்டிருக்கிறான்" ஆகியவையும், தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு வரியும் இருக்கட்டும். விற்பவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இயக்கிக் காட்டுவார். அதை வைத்து முடிவு செய்யாமல், அந்தக் கோப்பை ஏற்றச் சொல்லி மகனின் விரலிலேயே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கருவியிலிருந்து "மணி" என்று தமிழில் எழுதிக் கணினிக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே "ம9" என்று வந்தால், உள்ளீட்டு அட்டவணை தமிழில் இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லிவிட்டு, அது சரியாகும்வரை பணத்தைக் கொடுக்க வேண்டாம்.